கலங்கிய ஏரியில் இளம் முக்குளிப்பாளர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெதுவெதுப்பான கடலில், விடுமுறையில் ஸ்கூபா பழகிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் இறங்கும் பிள்ளைகள் மிரண்டுபோவதைப் பற்றி ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

*

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மாலைத்தீவில் பேடி என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் ஜூனியர் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கினாள். அங்கே மீனைப்போல நீந்தியவள், ஜூலை மாதம் சூரிச் ஏரியில் ஆறு மீட்டர் ஆழத்தில் என்னைக் காணாமல் பதறி, விறுவிறுவென்று மேலே போய்விட்டாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்போது "கடல் என்றால் வருகிறேன், ஏரி வேண்டாம்" என்கிறாள். பழக்கிவிட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், சூரிச்)

பதில்: பழக்க முடியும். ஆனால் முதலில் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏரியில் இறங்க அவளுக்கே ஆசை இருக்கிறதா? "அப்பாவுக்காக வருகிறேன்" என்றால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். நீருக்கடியில் அடுத்தவருக்காகத் துணிச்சல் காட்டும் பிள்ளை, பயம் வந்ததைக் கடைசி நொடிவரை சொல்லாது. அதைவிட ஆபத்தான துணை இல்லை.

அந்த வேகமான ஏற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வரும்போது சுமார் 1.6 மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், ஒன்றரை மீட்டர் உயரம்கூட நுரையீரலைக் கிழிக்கப் போதும். இனி எப்போதாவது இப்படி நேர்ந்து, நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், குரல் மாற்றம், கழுத்து வீக்கம், கைகால் மரத்துப்போதல், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 144-ஐ அழையுங்கள். நீரில் இருந்தவர் என்பதையும் வேகமாக ஏறியதையும் சொல்லுங்கள். ஆக்சிஜன் இருந்தால் கொடுக்கத் தொடங்குங்கள்.

அவள் ஏன் பதறினாள் என்பதைப் பார்ப்போம். மாலைத்தீவில் 28 டிகிரி நீர், மெல்லிய உடை. சூரிச் ஏரியில் கோடையில் மேல்நீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தாலும், பத்து மீட்டரை ஒட்டி வெப்பநிலை சட்டென்று சரியும். அதற்குக் கீழே வருடம் முழுதும் குளிர்தான். அதனால் 7 மி.மீ. நியோப்ரீன் உடை, தலைமூடி, கையுறை எல்லாம் வேண்டியிருக்கிறது. இறுக்கமான தலைமூடி தொண்டையை அழுத்தும். தடித்த உடையில் நெஞ்சு முழுதாக விரியாது. முகத்தில் குளிர்நீர் பட்டதும் மூச்சு தானாகவே சிறிதாகி வேகமெடுக்கும். மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விட்டால் உடலில் சேரும் கரியமில வாயு வெளியே போகாது. அது சேரச்சேர, சிலிண்டர் நிறையக் காற்று இருந்தும் "மூச்சு கிடைக்கவில்லை" என்ற உணர்வு வரும். அந்த நேரம் பார்த்து அப்பாவும் கண்ணுக்குத் தெரியாமல் போனால் எந்தப் பிள்ளையும் மேலே பாயும். உங்கள் மகளிடம் குறை ஒன்றும் இல்லை. அவள் மீது ஒரே நாளில் ஏற்றப்பட்ட புதுச் சுமைகள்தான் அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி.

முதல் சுமை உடை. அதை நீச்சல்குளத்தில் முடியுங்கள். ஏரியில் போடப்போகும் அதே தலைமூடி, கையுறை, மாஸ்க், ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) குளத்தில் இறங்கட்டும். தலைமூடிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் வேறு அளவு வாங்குங்கள். பெரியவர்களுக்கான மவுத்பீஸைக் கடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குத் தாடை வலிக்கும், உதட்டோரம் நீர் கசியும். சிறிய அளவு மவுத்பீஸ் விலை குறைவு. அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டை மாற்றினால் வேலை முடிந்தது. மாஸ்க்கில் நீர் நிரப்பி வெளியேற்றுவதையும், மாஸ்க்கை முழுதாகக் கழற்றி ஒரு நிமிடம் ரெகுலேட்டரில் மூச்சுவிட்டுத் திரும்ப மாட்டுவதையும் முகம் சுளிக்காமல் செய்யும்வரை பழகுங்கள். மாஸ்க்கில் நீர் புகுந்தால் பதறும் பிள்ளைக்கு, பார்வை இல்லாத ஏரி இரட்டிப்புத் தண்டனை.

அடுத்தது தொட்டறியும் பயிற்சி. பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, குளத்தின் ஆழமற்ற பகுதியில், மாஸ்க்கின் கண்ணாடியை உள்பக்கம் அலுமினியத் தாளால் மறைத்து, ஒரு கையைப் பிடித்துக்கொண்டு செய்வது. மிதவை அங்கியில் காற்றேற்றும் பொத்தான், காற்று வெளியேற்றும் வால்வு, மாற்று ரெகுலேட்டர், அழுத்தமானி, எடையைக் கழற்றும் கொக்கி ஆகிய ஐந்தையும், நீங்கள் தோளில் தட்டத்தட்ட, வரிசையாக அவள் தொட்டுக் காட்ட வேண்டும். பழக்கம் வந்தபின் கையுறையோடு செய்யச் சொல்லுங்கள். கையுறையில் விரல் தடுமாறுவது அங்கேதான் தெரியவரும். ஏரியில் தெரியவந்தால் தாமதம்.

மூன்றாவது எடை. பெரும்பாலான பெற்றோர் தவறுவது இங்கேதான். நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி குறைந்தது. உடையும் கருவியும் சேர்த்து 65 கிலோ இருக்கும் பிள்ளைக்கு, அதே உடையில், கடலைவிட ஏரியில் சுமார் ஒன்றரை கிலோ ஈயம் குறைவாகப் போதும். ஆனால் மெல்லிய உடையிலிருந்து 7 மி.மீ. உடைக்கு மாறும்போது அதைவிடப் பல மடங்கு கூட்டவேண்டி வரும். ஆகவே மாலைத்தீவுக் கணக்கை மறந்துவிட்டு, மார்பளவு நீருக்கு அப்பால் சென்று சோதியுங்கள். மிதவை அங்கியின் காற்றை முழுதாக வெளியேற்றி, நடுத்தரமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். 10 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்திலிருந்து 50 பார்வரை செலவாகும் காற்றின் எடை 1.8 கிலோ. முழுச் சிலிண்டரோடு சோதித்தால் அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். "பாதுகாப்புக்கு இன்னும் இரண்டு கிலோ" என்று சேர்க்காதீர்கள். அதிக எடை போட்ட பிள்ளை நேராக அடியில் போய் அமர்ந்து வண்டலைக் கிளப்பும். இருந்த ஒரு மீட்டர் பார்வையும் அதோடு போய்விடும்.

இப்போது ஏரி. முதல் நாள் மூன்று, நான்கு மீட்டர் போதும். மிதவையிலிருந்து அடியில் உள்ள எடைக்கு விறைப்பாகக் கட்டிய ஒரு கயிறு இருக்க வேண்டும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். எந்த ஆழத்தில் இருக்கிறாள் என்பது கைக்கே தெரியும். நீங்கள் கயிற்றின் ஒரு பக்கம், அவள் மறுபக்கம், முகத்துக்கு முகம். முதல் முடிச்சில் நின்று ஐந்து நிதானமான மூச்சு. "சரியா?" என்று கேட்டு, அவளிடமிருந்து "சரி" வந்தால் அடுத்த முடிச்சு. அடியைத் தொடாமல் ஒரு மீட்டர் மேலேயே நின்று திரும்புங்கள். மேல்நீர் 18, 20 டிகிரியாக இருந்தாலும் 20 நிமிடம் போதும். பிள்ளைகளின் உடல் நம் உடலைவிட விரைவில் குளிரும். குளிர்ந்த பிள்ளை முதலில் சொல்லாது. பதில் சைகை தாமதிக்கும், அதுதான் அடையாளம்.

அந்த ஏற்ற இறக்கம் சலிப்புத் தரும் அளவுக்குச் சுலபமான பிறகு, கயிற்றின் அடியிலிருந்து கரைக்கு இணையாக, ஒரே ஆழத்தில், பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு வழிகாட்டிக் கயிறு கட்டுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் கயிறு ஓட, பிடித்து இழுக்காமல் அதையொட்டி நீந்தட்டும். போய்த் திரும்பும் வழி கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் மூச்சு தானாக நீளும். அழுத்தமானியில் அது எண்ணாகவே தெரியும்: அதே நேரத்துக்கு முதல் நாளைவிடக் குறைவான பார் செலவாகியிருக்கும். அந்த எண்ணை அவளிடம் காட்டுங்கள். பாராட்டைவிட அது நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகுதான் கயிறின்றி, கைக்கெட்டும் தூரத்தில், தோளோடு தோளாக நீந்துவது.

பார்வை குறைந்தால் சைகை தெரியாது. மூன்று தொடு சைகைகளை மட்டும் பேசி வையுங்கள். கையை ஒருமுறை அழுத்தினால் "சரியா?"; பதிலும் ஒரு அழுத்தம். இரண்டு அழுத்தம் என்றால் "நில்". கட்டைவிரலை அவள் உள்ளங்கையில் வைத்து மேல்நோக்கித் தள்ளினால் "ஏறுவோம்". இந்த மூன்றாவதை யார் கொடுத்தாலும் ஏன் என்று கேட்காமல் ஏறவேண்டும். மேலே வந்தும் "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே" என்று சொல்லக்கூடாது. அந்த அனுமதி உண்மையா என்று பார்க்கவே அவள் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பாள். உடனே ஏறுங்கள். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படாத வேகத்தில், அவள் கையைப் பிடித்தபடி.

சூரிச் ஏரிக்கே உரிய மூன்று விஷயங்கள். ஒன்று: கோடையில் பத்து முதல் பதினைந்து மீட்டர் ஆழத்தில் பிளாங்க்டோத்ரிக்ஸ் ருபெசென்ஸ் என்ற செந்நிற சயனோபாக்டீரியா (பாசிபோன்ற நுண்ணுயிரி) ஒரு படலமாகத் தேங்கி நிற்கும். அதற்குக் கீழே நீர் தெளிவாக இருந்தாலும் இருட்டு. 13 வயதுக்குச் சான்றிதழ் 18 மீட்டர்வரை அனுமதித்தாலும், அந்தப் படலத்தைத் தாண்டுவதை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். இரண்டு: ஏரி கடல்மட்டத்துக்கு 406 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு; 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலைகளில் இறங்குவது உயரமான இடத்து முக்குளிப்பு என்றே கணக்கு. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் அதைத் தானாக அறியுமா, நாம் அமைக்க வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். முக்குளித்த கையோடு, காற்றழுத்தம் இன்னும் குறையும் மலைக்கணவாய்ச் சாலைகளில் ஏறிப் போகவும் வேண்டாம். மூன்று: ரெகுலேட்டர். அதில் இ.என். 250 என்ற ஐரோப்பியத் தரக்குறியோடு "10 டிகிரிக்கு மேல்" என்று பொறித்திருந்தால் அது குளிர்நீருக்கானது அல்ல. உறைந்து, காற்றைக் கொட்டத் தொடங்கலாம். குளிர்நீருக்கானதாக இருந்தாலும், காற்றேற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டே மூச்சை இழுக்கக்கூடாது என்று பழக்குங்கள்.

*

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. நாங்கள் லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ் போகிறோம். சில நாள் தெளிவாக இருக்கிறது, சில நாள் கையே தெரியவில்லை. இன்றைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவெடுப்பது?
(வாசகி, லெஸ்டர்)

பதில்: கண்மதிப்பை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி கடல்நீரின் தெளிவை அளக்க வட்டத்தகடுகளைப் பயன்படுத்தினார். இன்று ஏரிகளில் பயன்படுவது 20 செ.மீ. விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டம் தீட்டிய தகடு. ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியிலும் செய்துகொள்ளலாம்: நடுவில் துளை, கீழே ஓர் ஈயக்கட்டி, மீட்டர் குறித்த கயிறு. மேடையின் நிழல் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

இது மேலிருந்து கீழாகப் பார்க்கும் தெளிவு. நீருக்குள் பக்கவாட்டில் தெரிவது பெரும்பாலும் வேறாக இருக்கும். பெரியவர்கள் இருவர் முதலில் இறங்கி, ஒருவர் அளவுநாடாவின் நுனியைப் பிடிக்க மற்றவர் பின்வாங்கட்டும். விரல் சைகை புரியாமல் போகும் தூரம்தான் அன்றைய பார்வை. உருவம் மட்டும் நிழலாகத் தெரிவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எங்கள் வரம்பு இது: மூன்று மீட்டருக்கு மேல் என்றால் பிள்ளைக்குப் புதிய பயிற்சி எதையும் கற்றுக்கொடுக்கலாம். ஒன்றரை முதல் மூன்று வரை என்றால், ஏற்கெனவே கைவந்தவற்றை மட்டும், கயிற்றோடு. ஒன்றரைக்குக் கீழே 11 வயதுப் பிள்ளையை இறக்காதீர்கள். நுழைவுக்கட்டணம் போய்விடுமே என்பதும், வண்டி ஓட்டி வந்தோமே என்பதும் காரணமாகக்கூடாது. பச்சைப் பாசி குழம்பாகப் படர்ந்திருந்தால் பார்வை எவ்வளவு இருந்தாலும் இறங்கவே வேண்டாம். சயனோபாக்டீரியாவின் நஞ்சு வாய் வழியே போகும், பிள்ளைகள் நிச்சயம் நீரை விழுங்குவார்கள். கனமழைக்கு மறுநாளும் அப்படியே.

ஸ்டோனி கோவ் பழைய கருங்கல் குவாரி. படிப்படியாக ஆழம் கூடும். உங்கள் மகனுக்கு ஆறு மீட்டர் படியே போதும். பேடி விதிப்படி 10, 11 வயதுக்கு எல்லை 12 மீட்டர்; கூடவே சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பாதுகாவலரோ, அல்லது பேடி தொழில்முறையாளரோ இருக்க வேண்டும். குவாரியில் கலங்கல் வருவது பெரும்பாலும் மனிதக் கால்களால். சனி, ஞாயிறு பத்து மணிக்குள் பல வகுப்புகள் அடியைக் கலக்கிவிடும். வார நாளில், அல்லது கதவு திறந்த உடனே போய் முதல் ஆளாக இறங்கினால் அதே இடம் வேறு இடமாக இருக்கும்.

*

கேள்வி: வயது 16. ஒன்டாரியோவில் ஒரு ஏரியில் கலங்கலாக இருந்ததால் மிகவும் சக்திவாய்ந்த டார்ச் வாங்கினேன். ஏற்றினால் எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. டார்ச்சில் கோளாறா?
(வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: கோளாறு இல்லை, தம்பி. நீரில் மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தை உன் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. பனிமூட்டத்தில் காரின் ஹைபீம் போட்டதுபோல. வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். அகன்ற ஒளிக்கற்றைக்குப் பதிலாக 6 முதல் 10 பாகை குறுகிய கற்றையுள்ள டார்ச் எடு. தலையில் மாட்டாமல், கையை நீட்டி, கண்ணிலிருந்து விலக்கிப் பக்கவாட்டிலிருந்து அடி. குறைந்த வெளிச்ச நிலையில் வை. சேற்றின் அருகே அணைத்துவிட்டு ஒரு நிமிடம் இரு. கண் பழகினால் மேலிருந்து வரும் இயற்கை வெளிச்சமே சில நேரம் கூடுதலாகக் காட்டும்.

டார்ச்சின் உண்மையான பயன் உன் துணைக்கு நீ தெரிவதுதான். மெதுவாக வட்டம் போட்டால் "சரி". வேகமாக இடவலம் ஆட்டினால் "என்னைப் பார், பிரச்சினை". துணையின் முகத்தில் அடிக்காதே. ஆளுக்கு இரண்டு டார்ச் வேண்டும். சிலிண்டர் கழுத்தில் சிறு ஒளிக்குச்சி ஒன்று கட்டிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு நீ எங்கே என்று தெரியும்.

*

கேள்வி: எனக்கு 14 வயது. பச்சையாகக் கலங்கிய நீரில் இறங்கும்போது தலை சுற்றுகிறது, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. வாந்தி வருவதுபோல் இருக்கிறது. எனக்கு ஸ்கூபா ஒத்துவராதா?
(வாசகி, பெர்ன்)

பதில்: ஒத்துவராது என்று முடிவுகட்டாதே. சமநிலைக்கு உடல் நம்புவது காதின் உள்ளுறுப்பையும் கண்ணையும். கண்ணுக்குப் பிடிமானமே இல்லாத பச்சை வெளியில் காது மட்டும் சொல்வதை மூளை குழப்பிக்கொள்கிறது. கயிறோ சரிவோ இல்லாத நடுநீரில் இறங்குவதை இப்போதைக்கு நிறுத்து. கயிற்றைப் பிடித்து, கால் கீழே, தலை மேலே என்ற நிலையில் இறங்கு. சுற்றல் வந்தால் அசையாமல் கயிற்றை இறுக்கிப் பிடி, டைவ் கம்ப்யூட்டரை முகத்துக்கு அருகே கொண்டுவந்து ஆழ எண்ணை மட்டும் பார். எண் மாறவில்லை என்றால் நீ நகரவில்லை. குமிழ்கள் போகும் திசைதான் மேல். தெரியாவிட்டால் கன்னத்தில் உரசிப்போவதைக் கவனி.

மேலே ஏறும்போது மட்டும் சுற்றல் வந்தால், அல்லது ஒரு காது அடைத்திருக்கும்போது வந்தால் காரணம் வேறு: இரண்டு காதிலும் அழுத்தம் சமமாக மாறவில்லை. சளி இருக்கும்போது இறங்காதே. ஒரு காதுக்குள் மட்டும் குளிர்நீர் புகுந்தாலும் சில நொடி சுழலும். தலைமூடிக்குள் முதலிலேயே நீரை விட்டு நிரப்பிக்கொண்டால் அது குறையும். கரைக்கு வந்த பிறகும் சுற்றல், காதிரைச்சல், கேட்கும் திறன் குறைவு இருந்தால் அன்றே காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்மா அப்பாவிடம் மறைக்காதே.

*

கேள்வி: இருவரையும் கயிற்றால் பிணைத்துக்கொள்ளலாமா? பிள்ளை காணாமல் போனால் என்ன செய்வது? தூண்டில் நரம்பு சிக்கினால்?
(வாசகர், மார்க்கம்)

பதில்: ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத இணைப்புக்கயிறு நல்லது. இரு முனையிலும் கை எளிதாக நழுவி வெளிவரும் அளவு பெரிய வளையம் இருக்கட்டும். மணிக்கட்டில் முடிச்சுப் போடவோ உடையில் கொக்கியிட்டு மாட்டவோ கூடாது. ஒருவர் சிக்கினால் மற்றவர் விடுபட்டு உதவ முடிய வேண்டும். மூழ்கிய மரங்கள் உள்ள நீர்த்தேக்கத்தில் கயிறு வேண்டாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று திரும்பி, மேலும் கீழும் குமிழையும் டார்ச் வெளிச்சத்தையும் தேடுவது. ஒரு நிமிடத்துக்குமேல் தேடாமல் வழக்கமான வேகத்தில் ஏறி மேற்பரப்பில் சந்திப்பது. இருவருக்கும் ஒரே விதி. "நான் இன்னும் கொஞ்சம் தேடுகிறேன்" என்று அப்பா கீழே தங்கினால் மேலே பிள்ளை தனியாக அழுதுகொண்டிருக்கும், அல்லது அப்பாவைத் தேடித் திரும்ப இறங்கும். கரையில் நின்று இந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் வைத்து நடித்துப் பாருங்கள். எவ்வளவு நீளம் என்று பிள்ளைக்குப் புரியும். படகுகள் ஓடும் ஏரியில் ஜோடிக்கு ஒரு மேற்பரப்பு மிதவை கட்டாயம். பிள்ளை அதன் கயிற்றுச் சுருளைப் பிடித்திருந்தால், ஏறுவதற்கும் அதுவே வழி.

தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. ஏதோ பின்னால் இழுப்பதுபோலத்தான் முதலில் தோன்றும். அப்போது சுற்றித் திரும்பக்கூடாது, திரும்பினால் உடலைச் சுற்றிக்கொள்ளும். நின்று, அரை மீட்டர் பின்னால் நகர்ந்து இழுவையைத் தளர்த்தி, துணையின் கையை இரண்டுமுறை அழுத்தி நிறுத்தச் சொல்ல வேண்டும். அறுப்பது துணையின் வேலை. பிள்ளைக்குக் கூர்முனைக் கத்தி வேண்டாம். மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலோ, விரல் நுழையாத பிளவுக்குள் பிளேடு பதித்த நரம்பு அறுப்பானோ போதும். அதைக் காலில் கட்டாமல், எந்தக் கையாலும் எட்டும்படி மிதவை அங்கியின் நெஞ்சுப்பட்டையில் மாட்டுங்கள். உப்பில்லாத நீரிலும் பிளேடு துருப்பிடிக்கும். ஒவ்வொரு முக்குளிப்புக்கு முன்பும் ஒரு துண்டு நரம்பை அறுத்துச் சோதியுங்கள்.